பந்தியில் இல்லாத ஆள்

எங்கள் ஊர்ப் பொங்கலைப் படம் பிடிக்கப் பட்டணத்திலிருந்து சந்திரமோகன் வந்து இறங்கினார். பரிசெல்லாம் வாங்கியவராம், அவரேதான் சொன்னார்.

பந்திக்குச் சமைக்கும் அழகுநாச்சி, அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். நேரே அவள் மூஞ்சியில் கேமராவை நீட்டினார்.

“இருங்க சார், முகம் கழுவிட்டு வர்றேன்.”

“கூடாது! என்னைப் பார்க்காதே, பேசாதே. நான் இங்கே இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கோ.”

“இருக்கிற ஆளை எப்படி சார் இல்லைன்னு நினைக்கிறது?”

“நினைச்சுத்தான் ஆகணும். ஊருக்கே சொல்லிடு!”

சொல்லிவிட்டாள்.

மத்தியானம் பந்தி. இவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலப்பக்கம் இலை விழுந்தது, இடப்பக்கம் இலை விழுந்தது. இவருக்கு முன்னால் வெறுந்தரை. நெய் மணக்க மணக்கப் பொங்கல் வாளி இவரைத் தாண்டிப் போனது. கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் திரும்பவில்லை.

“ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்று கத்தியே விட்டார்.

அழகுநாச்சி கரண்டியோடு வந்தாள். “நல்லாத் தெரியுது சார். நீங்க சொன்னீங்களேன்னுதான் இல்லைன்னு நினைச்சோம். எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?”

பந்தியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, இலையைப் போட்டு, பொங்கலை வைத்து, நெய்யையும் தாராளமாக ஊற்றினாள்.

காலையிலிருந்து ஊரார் முகத்தையெல்லாம் கேட்காமல் படம் பிடித்தவருக்கு, சோறு போட்டவள் முகத்தைப் பார்க்கத் தலை நிமிரவில்லை.