உளுந்தவடைக்கு ஓட்டை போட்ட பிட்சர்

சங்கிலிராஜன் சார் வாயைத் திறந்தால் பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஏமாந்துபோனேன் என்று அப்புறம் எவனாவது சண்டைக்கு வருவான். முப்பது வருஷமாகக் காலேஜ் பையன்களுக்கு பேஸ்பாலில் பந்து எறியக் கற்றுக்கொடுக்கிறார். அவர் ஒரே ஒரு பந்து எறிந்துகூட யாரும் பார்த்ததில்லை. கேட்டால் வலது தோளைத் தடவிக்கொண்டு, "இந்தக் கை எறிஞ்சா ஊர் தாங்காதுடா" என்பார்.

கேட்சர் குருவையாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர் எறியச் சொல்லும் பந்துகளைப் பிடிப்பதைவிட அவர் விடும் கதைகளைக் கேட்பதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். அப்படிப்பட்டவன் அன்றைக்கு அருப்புக்கோட்டை மைதானத்தில், இந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் புளுகமாட்டாரா என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். காலேஜுகளுக்கு இடையிலான போட்டி. பதினோரு மணிக்கு அம்பயர் கூப்பிட்டதும் ரெண்டு டீமிலும் ஒன்பது பேர் வரிசையில் நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் வாக்ஓவர், ஆடாமலே தோல்வி. குருவையா டீமில் இருந்ததோ எட்டுப் பேர். பந்து எறிகிற பிட்சர் சூசைராஜ் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹாலில் கணக்கு அரியர் எழுதிக்கொண்டிருந்தான். யூனிவர்சிட்டிக்காரர்கள் பரீட்சையையும் போட்டியையும் ஒரே காலையில் வைத்துவிட்டார்கள். பாதி நேரம் ஆகாமல் ஹாலைவிட்டு வெளியே விடமாட்டார்கள். தெரிந்ததை எழுதிவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்குத் தெரிந்ததை எழுத அவ்வளவு நேரமே அதிகம்தான்.

"இந்த வருஷமும் வாக்ஓவர் கொடுத்தீங்கன்னா டீமைக் கலைச்சிருவேன், மைதானம் கபடிக்குப் போயிரும்" என்று பிரின்சிபல் கறாராகச் சொல்லிவிட்டார். டீம் போனால் கோச்சும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஷாமியானாவுக்கு அடியில் அம்பயர் தேவசகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத முகம். பக்கத்து நாற்காலியில் எதிர் டீம் கோச் ஜெயக்கொடி. வாக்ஓவர் கிடைக்கும் என்றால் இலையில் போட்ட சோற்றை விட்டுவிட்டு ஓடிவரும் ஆள். அவருடைய பையன்கள் தூரத்தில் வேப்பமரத்து நிழலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார்கள்.

தேவசகாயம் எழுந்திரிக்கப் போனார். சங்கிலி சார் நாற்காலியை அவர் காலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், என் முதல் சிஷ்யன் முனியாண்டியை உங்களுக்குத் தெரியாதுல்ல? வளைஞ்சு போற பந்து ஒண்ணு அவனுக்குக் கத்துக்கொடுத்தேன். எறிஞ்சான் பாருங்க! பந்து அடிக்க நின்னவன் மூக்குக்கு முன்னால திரும்பி, காம்பவுண்டைத் தாண்டி, டீக்கடைச் சட்டிக்குள்ள பாய்ஞ்சு, வெந்துக்கிட்டிருந்த வடையைத் திருப்பிப் போட்டுட்டு, வந்த வழியே வந்து கேட்சர் கிளவுஸ்ல உக்காந்துச்சு. கிளவுஸைப் பிழிஞ்சா ஒரு கரண்டி எண்ணெய்!"

குருவையா கண்ணை மூடிக்கொண்டான். தொலைந்தது. எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு பெரிய புளுகா?

"என்ன வடைங்க?" என்றார் ஜெயக்கொடி.

"உளுந்தவடை."

"அவ்வளவு வேகத்துல பந்து பட்டா வடை என்னத்துக்கு ஆகும்? கேக்கிறவன் கேணையனா இருந்தா என்ன வேணாலும் சொல்வீங்களா?"

"ஏன்யா, அதுவரைக்கும் உளுந்தவடை அப்பளம் மாதிரி மொழுக்குன்னுதானே இருந்துச்சு? நடுவுல ஓட்டை எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?"

தேவசகாயம் தொண்டையைக் கனைத்தார். "பந்து மைதானத்தைத் தாண்டிட்டா செல்லாது. ரூல் இருக்கு."

"அன்னைக்கு இருந்த அம்பயரும் இதையேதான் சார் சொன்னாரு. என்ன, வாய் நிறைய வடையை வெச்சுக்கிட்டுச் சொன்னாரு."

தேவசகாயம் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். குருவையா கேட் பக்கம் பார்த்தான். ஒரு ஆடு நின்றது. சூசைராஜ் இல்லை.

"முனியாண்டியாவது பரவாயில்லை," என்று சங்கிலி சார் குரலை இறக்கினார். "அடுத்து ஒருத்தன் வந்தான், கோவிந்தன்னு. ஆளு தீக்குச்சி மாதிரி இருப்பான். அவன் வேகத்துக்கு இந்த ஜில்லாவுல கேட்சரே கிடையாது. அதனால மேல பாத்து எறிடான்னுட்டேன். அப்ப கடும் பஞ்சம். மேகமெல்லாம் நம்ம ஊரைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகும். பய ஒரு கருமேகத்தைக் குறி பாத்து எறிஞ்சு அதுல ஓட்டை போட்டுட்டான்!"

"மழை பேஞ்சுச்சாக்கும்?" ஜெயக்கொடி உதட்டைப் பிதுக்கினார்.

"எங்கய்யா பேஞ்சுச்சு? குழாயில ஊத்துற மாதிரி ஊத்துச்சு. ஓட்டைக்கு நேரா இருந்த கண்மாய் மட்டும் ரொம்பி வழியுது. பக்கத்துக் கண்மாய் காஞ்சு கிடக்கு. அந்த ஊர்க்காரங்க கம்பைத் தூக்கிட்டு வந்துட்டாங்க, எங்களுக்கும் ஒரு ஓட்டை போடுன்னு."

"போட்டானா?"

"முதல் ஓட்டையை அடைக்காம எப்படிப் போடுறது? கரை உடையப் போகுதுன்னு ஒரே கூப்பாடு. இன்னொரு பந்தை எடுத்து, அதே இடத்துல கச்சிதமாச் செருகி அடைச்சான். அந்தப் பந்து இன்னும் அங்கதான் இருக்கு. அதான் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒழுங்கா மழையே இல்லை."

குருவையாவுக்கு ஒன்று உறுத்தியது. இந்நேரம் ஜெயக்கொடி, மணியாச்சு, கூப்பிடுங்க என்று குதித்திருக்க வேண்டும். அந்த ஆள் என்னடாவென்றால், "போட்டானா, அடைச்சானா" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு என்ன ஆச்சு?

"வேகத்தை எவனும் கத்துக்கொடுப்பான்," என்றார் சங்கிலி சார். நெற்றியில் வேர்வை ஓடியது. "மெதுவா எறியறதுதான் சார் வித்தை. பால்கண்ணன்னு ஒருத்தன். எறிஞ்சான். பந்து கையை விட்டுக் கிளம்பிருச்சு, ஆனா வந்து சேரலை. அடிக்க நின்னவன் ஒரு வீசு வீசினான். பந்து பாதிகூட வரலை. தண்ணி குடிச்சிட்டு வந்தான். வரலை. ஒரு காக்கா வந்து பந்து மேல உக்காந்துச்சு. சும்மா இருந்துச்சா? குச்சியைப் பொறுக்கிக் கூடு கட்டிருச்சு!"

"முட்டை?" என்றார் ஜெயக்கொடி.

"போடாம? அடிக்க நின்னவன் அதுக்குள்ள டிகிரி முடிச்சு, கல்யாணம் கட்டி, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து பேட்டைத் தூக்கிட்டு நிக்கிறான். அந்தப் பொண்ணு, குஞ்சு இருக்கிற கூட்டை அடிப்பியா, நீயெல்லாம் மனுஷனான்னு பேட்டைப் பிடுங்கிருச்சு. அம்பயர் குனிஞ்சபடியே நிக்கிறாரு. முதுகு நிமிர மாட்டேங்குது. பந்து கிட்டத்துல வருது, வருது…"

கேட்டுக்குள் ஒரு பைக் பாய்ந்தது. ஆடு தெறித்து ஓடியது. ஓட்டி வந்தவன் சூசைராஜ்.

சங்கிலி சார் பந்தைக் காக்காவோடு அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினார். ஆனால் அவரை முந்திக்கொண்டு ஜெயக்கொடி ஓடினார்.

"டேய் நாகூர்கனி! இறங்குடா, ஷூவைப் போடுடா!"

சூசைராஜுக்குப் பின்னால் எதிர் டீம் சட்டையோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய பிட்சர். குருவையா திரும்பி வேப்பமரத்தடியை எண்ணினான். அங்கேயும் எட்டுப் பேர்தான். அடப்பாவி, என்ன வடை என்று கேட்டது இதற்குத்தானா!

பைக்கில் மூன்றாவதாக ஒருத்தனும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். தேவசகாயம் நிதானமாக நடந்துபோய் அவன் காதைத் திருகினார்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

சங்கிலி சார் வாயைப் பிளந்தார். "சார், இது யாரு?"

"என் மகன். இன்னைக்கு ஸ்கோரர் இவன்தான். ஸ்கோரர் இல்லாம ஆட்டத்தை ஆரம்பிக்கக் கூடாது. ரூல் இருக்கு."

அப்புறம் சங்கிலி சார் மூன்று பேரையும் பார்த்து, "பரீட்சை எப்படிடா?" என்றார்.

"மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் சார் உக்காந்திருந்தோம்," என்றான் சூசைராஜ். "அப்பவும் ஒண்ணும் தேறலை."

ரெண்டு டீமும் ஒன்பது ஒன்பது பேராக வரிசையில் நின்றன. தேவசகாயம் எண்ணினார். முகமூடியை மாட்டினார். ஆட்டத்தை ஆரம்பிக்கக் கையைத் தூக்கியவர் என்ன நினைத்தாரோ, முகமூடியை மறுபடியும் கழற்றினார்.

"சங்கிலி, இங்க வாய்யா. அந்தக் காக்காப் பந்து கடைசில செல்லுமா, செல்லாதா?"

"அது இன்னும் வந்து சேரலை சார்," என்றார் சங்கிலி சார். "ஏப்ரல்ல இந்தப் பயலுக மறுபடியும் எழுதணும்ல? அன்னைக்கு வந்துரும்."