கருணைக்குத் தடை

செம்பொழில் நாட்டு மன்னர் வீரகேசரி எத்தனையோ படைகளைப் பார்த்தவர். ஆனால் அவரைத் துள்ளிக் குதிக்க வைத்தது ஒரு கருணைக்கிழங்கு மசியல்தான். அரண்மனைச் சமையல்காரர் சாத்தப்பன் அதில் புளி விட மறந்துவிட்டார். பக்கத்து நாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மன்னருக்கு நாக்கு அரித்தது, தொண்டை அரித்தது, மானமும் போனது.

"சாத்தப்பனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!" என்று கர்ஜித்தார். "இனி 'கருணை' என்ற சொல்லே என் காதில் விழக் கூடாது. அரசனோ ஆண்டியோ, யார் சொன்னாலும் அந்தக் கிழங்கைப் பச்சையாகக் கடித்துத் தின்ன வேண்டும்!"

மறுநாள் கட்டியக்காரன் பாடு திண்டாட்டம். "வீராதி வீரர், சூராதி சூரர், க... க..." என்று இழுத்தவன், வேறு வழியில்லாமல், "கிழங்குக் கடல் வருகிறார், பராக்!" என்று கூவிவிட்டான். சபை வாயைப் பொத்திக்கொண்டது.

அவைப் புலவர் பூவராகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாத்தப்பன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. காலையில் அவள் வந்து அழுதது அவர் நெஞ்சைப் பிசைந்துகொண்டே இருந்தது. எழுந்தார்.

"மகாராஜா, சாத்தப்பன் மேல் கொஞ்சம்..."

"கொஞ்சம்?" மன்னர் ஆசையோடு முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் தாம்பாளம் நிறையக் கிழங்கு தயாராக இருந்தது.

"கொஞ்சம் இரக்கம்..."

"ஓஹோ, கொல்லை வழியாக வருகிறீரா? அதையும் அடைத்தேன்! இரக்கம், தயவு, அருள், இந்தக் கணம் முதல் எல்லாமே தடை. ஒன்றையும் சொல்லாமல் கேட்டு வாங்கும், பார்ப்போம். வாங்கிவிட்டால் சாத்தப்பன் இங்கேயே இருக்கட்டும். வாய் தவறினால் கிழங்கு!"

பூவராகர் நாக்கு நுனி வரை வந்த சொற்களை எல்லாம் விழுங்கினார். பிறகு மெல்லக் காதைக் குடைந்துகொண்டார்.

"வயசாகிவிட்டது மகாராஜா. எந்தெந்தச் சொல் கூடாது என்றீர்கள்? மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நேற்றுச் சொன்னீர்களே, அந்த முதல் சொல்தான்..."

"கருணை ஐயா, கருணை!"

சபையில் எல்லோர் பார்வையும் தாம்பாளத்தின் மேல் போனது.

பூவராகர் தாம்பாளத்தைப் பணிவாக நீட்டினார். "இரண்டு முறை சொன்னீர்கள். இரண்டு கிழங்கு, மகாராஜா."

மன்னர் முகம் வெளிறியது. "ஓய், கொஞ்சம் தயவு பண்ணுமய்யா!"

"மூன்று."

மன்னர் கிழங்கைப் பார்த்தார். புலவரைப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே குலுங்கியது.

"போதும் ஐயா, போதும்! சாத்தப்பன் எங்கும் போக வேண்டாம். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகர் கழுத்தில் போட்டார். "ஆனாலும் ஓய், கடைசிவரை நீர் எதையும் கேட்கவே இல்லையே!"

"கேட்காமலே கொடுத்தீர்கள் மகாராஜா. அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு" என்றார் பூவராகர். "சட்டத்தை ரத்து செய்யுங்கள், சொல்கிறேன்."