கூறுபோட்ட கப்பற்பாய்

வெகு காலத்துக்கு முன்னே, கடலுக்கு வேலி போட இன்னும் யாருக்கும் தோன்றாத நாளிலே, ஒரு கப்பல் இருந்தது. கப்பல் என்றதும் உங்கள் கண்ணில் வெள்ளைப் பாயும் பட்டுக் கொடியும் பறக்கிறதோ? சுருட்டி வையுங்கள். இது துடுப்புக் கப்பல். அடித்தட்டில் இரண்டு பக்கமும் பலகைகள், ஒவ்வொரு பலகையிலும் இரண்டு அடிமைகள், ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு கால்விலங்கு. மேலே மத்தளம் அடித்தால் கீழே துடுப்பு இழுக்க வேண்டும். இழுக்காதவன் முதுகில் சாட்டை இறங்கும்.

அந்த அடிமைகளில் ஒருவன் கீரன். அவனோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன் பூதன். பூதன் இளையவன், சோனி உடம்புக்காரன். ஆனாலும் கீரன் காய்ச்சலில் சுருண்டபோதெல்லாம் அவன் பங்கையும் சேர்த்து இழுத்தவன் இந்தச் சோனிதான்.

கீரனுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை, தண்ணீர். கப்பல் முதலாளி தின்ன உப்புக் கருவாடு போடுவான், குடிக்க உள்ளங்கையளவு ஊற்றுவான். கீரன் கனவிலும் குடித்துக்கொண்டே இருப்பான். விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்.

கப்பலின் நடுவே ஒரு நெடிய மரம் நின்றது. அடிபட வேண்டியவனை அதில்தான் கட்டுவார்கள். அதனால் அதற்கு அடிமரம் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த மரம் வேறு எதற்கும் ஆகும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஒரு நாள் நடுக்கடலில் இன்னொரு கப்பல் வந்து பக்கத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு ராஜகுமாரன் இறங்கி வந்தார். அடித்தட்டை எட்டிப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் போய், "இவங்க எல்லாரையும் விட்டுடு. பதிலுக்கு என் கப்பலை எடுத்துக்கோ. என்னையும் எடுத்துக்கோ" என்றார்.

முதலாளி முதலில் சிரித்தான். பிறகு, ராஜகுமாரன் விளையாடுகிறாரா என்று பார்க்க, அவரை அடிமரத்தில் கட்டி அடித்தான். ஐயோ, எப்பேர்ப்பட்ட அடி! தங்களை அடித்தபோதுகூடக் கத்தாத அடிமைகள் அன்றைக்குக் கத்தினார்கள். அடித்து முடித்த பிறகும் அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. முதலாளி சாட்டையை ஆணியில் மாட்டினான். சாவியை எடுத்து எல்லா விலங்குகளையும் திறந்துவிட்டு, அவர் கையில் ஒரு விலங்கை மாட்டினான்.

போவதற்கு முன்னே அவர் தம் கப்பலிலிருந்து மடித்த பெரிய துணி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். "இது கப்பற்பாய். இனிமே உங்களுக்குத் துடுப்பு வேண்டாம். காத்து வரும். எப்போன்னு கேக்காதீங்க, வரும். வந்ததும் எல்லாருமாச் சேர்ந்து இதை அந்த மரத்துல ஏத்துங்க. காத்தே உங்களை எங்க அப்பா ஊருல கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்றார். முதலாளியும் அவன் ஆட்களும் அவரை இழுத்துக்கொண்டு அவருடைய கப்பலிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

அன்றைய ஆட்டத்தைக் கேட்கிறீர்களா? குதித்தார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்து உருண்டார்கள். சாவியைக் கடலில் எறிந்தார்கள். மத்தளத்தை எறிந்தார்கள். துடுப்புகளை எல்லாம் எறிந்தார்கள். அதுவரை சரி, எறியட்டும்.

பிறகுதான் ஒருவன் கண் அந்தத் துணிமேல் விழுந்தது. முழத்துண்டுக்கும் கதியில்லாமல் கிடந்தவர்கள் ஆயிற்றே! வெயிலும் மண்டையைப் பிளந்தது. 'இத்தனை பெரிய துணியில் ஒரு மூலை போனால் என்ன குறைந்துவிடும்?' என்று நினைத்து, நிழலுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டான். இடுப்புக்கு ஒரு துண்டு வெட்டினான் சேந்தன் என்கிற முரடன். தலைப்பாகைக்கு ஒரு துண்டு வெட்டினான் தத்தன் என்கிற பகட்டுக்காரன். இப்படி ஆளுக்கு ஒரு மூலை. ஒரு பாய்க்கு எத்தனை மூலையடா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பூதன் மட்டும் கெஞ்சினான். "வெட்டாதீங்கண்ணே. அதை ஏத்தணும்னு சொன்னாரே."

"எந்தச் சாட்டை வந்து இப்போ கேக்கப்போவுது? விடுதலை ஆயாச்சுடா பயலே!" என்று தத்தன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கீரனும் சிரித்தான்.

சிரித்துவிட்டு அவனும் வெட்டினான். பாயின் நட்டநடுவில், நல்ல அழுத்தமான இடமாகப் பார்த்து வெட்டினான். முதலாளி விட்டுப்போன பெரிய சுரைக்குடுவை ஒன்றில் கப்பல் பாத்திரங்களில் இருந்த தண்ணீரை நிரப்பி, அந்தத் துண்டில் மூட்டையாகக் கட்டி, அடித்தட்டில் தன் பழைய பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தான். 'எனக்கும் பூதனுக்கும்' என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள், 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்று ஆகிவிட்டது. அந்தப் பழமொழி கருமிகளுக்கு எவ்வளவு வசதியாக வந்து வாய்க்கிறது பாருங்கள்!

காற்று வரவில்லை. கடல் வார்த்த மெழுகாய்க் கிடந்தது. மேல்தட்டில் அவனவன் தன் துண்டு நிழலில் படுத்துக் கருவாட்டைத் தின்றான், தண்ணீரை இறைத்தான், அடுத்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரங்கள் காய்ந்தன. பிறகு சண்டை வந்தது.

கடைசிக் கருவாட்டுக்குச் சேந்தனும் தத்தனும் கட்டிப் புரண்டார்கள். சேந்தன் கடித்தான். கருவாட்டை அல்ல, தத்தனின் காதைக் கடித்தான். கடித்துத் தட்டின்மேல் துப்பினான். இதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அதற்கு மேலும் நடந்தது. மற்றவர்கள் பாய்ந்து சேந்தனைப் பிடித்து அடிமரத்தில் கட்டினார்கள். முதலாளி போய்விட்டான், ஆனால் அவன் சாட்டை ஆணியில் அப்படியே தொங்கியது. அதை எடுத்தார்கள். யாருடைய விலங்குகள் கழன்றனவோ அவர்களே மாறி மாறி அடித்து, பிறகு அவிழ்த்துப் போட்டார்கள்.

கீழே இருந்த கீரனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.  'என் குடுவையைக் கண்டால் என்னையும் கட்டுவார்களே!' மூட்டையை எங்கே வைப்பது? தூங்கும்போது யாராவது உருவிக்கொண்டு போனால்? பலகைக்கு அடியில் அவனுடைய பழைய சங்கிலி கிடந்தது. ஒரு முனையை மூட்டையில் சுற்றிக் கட்டினான். இன்னொரு முனையில் இருந்த விலங்கைத் தன் கணுக்காலில் வைத்து அழுத்தினான். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. இனி யாரும் திருட முடியாது என்று நிம்மதியாகப் படுத்தான்.

பூதன் அதே அடித்தட்டில் காய்ச்சலில் கிடந்தான். இரக்கப்பட்ட யாரோ ஒருவன் தன் துண்டைப் போர்த்திவிட்டுப் போயிருந்தான்.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி இருக்கா?" என்று கேட்டான் பூதன்.

"இல்லடா தம்பி" என்றான் கீரன். சொல்லிக்கொண்டே அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தான்.

மறுபடி கேட்டான். "இல்லைன்னு சொன்னேன்ல!" என்று எரிந்து விழுந்தான்.

மூன்றாம் தடவை கேட்டபோது கீரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டு மூலையில் குனிந்து, குடுவையை வாயில் வைத்து, மெல்ல விழுங்கினான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று அவனுக்கு எண்ணம்.

அப்போதுதான் மேலே ஒரு கூச்சல் எழுந்தது. "காத்து! காத்து வருதுடா!"

கீரன் துள்ளி எழுந்து ஓடினான். இரண்டடிகூடப் போகவில்லை, தடால் என்று முகம் அடிபட விழுந்தான். எதுவோ காலைப் பிடித்து இழுத்தது. எழுந்தான், மறுபடி விழுந்தான். குனிந்து பார்த்தான். சங்கிலி பலகையின் காலில் சிக்கியிருந்தது.

அதே விலங்கு. அதே கால். அதே பலகை. பூட்டியது யார்?  சாவி கடலுக்கு அடியில். 'ஐயோ, என்ன செய்துகொண்டேன்!' என்று இரண்டு கையாலும் விலங்கை இழுத்துப் பார்த்தான்.

மேலேயும் அதே கதிதான். காற்று தலைமயிரைக் கலைத்துக்கொண்டு வீசுகிறது. ஓடிப்போய்ப் பாயை விரித்தால், ஓரக் கயிறும் ஒட்டிக்கொண்டிருந்த கிழிசலும்தான் மிச்சம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒருவன் தலையில் இருப்பதை ஒருவன் பார்த்தான், ஒருவன் இடுப்பில் இருப்பதை ஒருவன் பார்த்தான். தங்களைத் தாங்களே கூறுபோட்டுவிட்டோம் என்று விளங்கியபோது அத்தனை பேரும் மரமாய் நின்றார்கள்.

முதலில் அசைந்தவன் பூதன். எழ முடியாதவன், போர்த்தியிருந்த துண்டை உருவி, படிவரை தவழ்ந்து போய் மேலே நீட்டினான். "இதை வச்சுத் தைங்கண்ணே."

அதைக் கண்டு, முதுகு பிளந்து கிடந்த சேந்தன் தன் இடுப்புத் துண்டை அவிழ்த்தான். தத்தன் தலைப்பாகையைக் கிழித்துக் காதுப் புண்ணில் கட்டியிருந்தான். அதை ரத்தத்தோடு அவிழ்த்துக் கொடுத்தான். கயிற்றைப் பிரித்து நூலாக்கினார்கள், மீன்முள்ளை ஊசியாக்கினார்கள். கடித்தவனும் கடிபட்டவனும் ஒரே துண்டின் இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தைத்தார்கள். பாயை மரத்தில் ஏற்றினார்கள்.

கப்பல் நகரவில்லை. பாயின் நட்டநடுவில் ஒரு பெரிய ஓட்டை. காற்று அதற்குள் புகுந்து, போட்ட தையலையும் பிய்க்கத் தொடங்கியது.

"நடுத்துண்டு யாருகிட்ட இருக்கு?" என்று தத்தன் கத்தினான்.

கீழே கீரன் மூட்டையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். கொடுத்தால் குடுவை தெரியும். குடுவை தெரிந்தால் அடிமரம். கொடுக்காவிட்டால் எல்லாருக்கும் சாவு. அப்போது அவன் பக்கத்தில் தவழ்ந்து வந்த பூதன் மெல்லச் சொன்னான்: "கொண்டுபோய்க் கொடுங்கண்ணே."

"எதைடா?"

"எனக்குத் தெரியும்ணே. நீங்க முழுங்குற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

கீரன் அவன் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சும் ஏண்டா யார்கிட்டயும் சொல்லல? தண்ணி கிடைச்சிருக்குமேடா உனக்கு!"

"சொன்னா உங்களை அந்த மரத்துல கட்டுவாங்களேண்ணே."

கீரன் ஓவென்று அழுதான். குடுவையை எடுத்துப் பூதன் வாயில் ஊற்றினான். பூதன் ஒரு வாய் குடித்தான், மறு வாய்க்குத் தலையசைத்து மேலே கை காட்டினான். கீரன் துண்டை அவிழ்த்தான், சிக்கிய சங்கிலியை விடுவித்தான், ஒரு கையில் துணியும் மறு கையில் குடுவையுமாகப் படியேறினான். விலங்கு ஒவ்வொரு படியிலும் மோதிச் சத்தம் போட்டது.

எல்லாரும் பார்த்தார்கள். "நான்தான்" என்றான். "தண்ணியை ஒளிச்சு வச்சேன். தம்பி சாகக் கிடந்து கேட்டான், இல்லைன்னேன்."

தத்தன் சாட்டையைக் கையில் எடுத்தான். கீரன் தானே போய் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். மரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. சேந்தனுடையதும் இருந்தது, அதற்கு முன்னே தங்களுக்காக அடிபட்ட ஒருவருடையதும் இருந்தது. தத்தன் அதைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான்.

"நூலு தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, சாட்டையின் பின்னலை வார் வாராகப் பிரித்தான். அந்த வாரைக் கோத்து நடுத்துண்டைத் தைத்தார்கள். குடுவை கைக்குக் கை மாறியது. ஆளுக்கு ஒரு வாய்தான், ஆனால் ஒருவனும் இரண்டாம் வாய் குடிக்கவில்லை.

காற்று பாயை நிறைத்தது. ஒரு கை துடுப்புப் பிடிக்கவில்லை, ஒரு மத்தளம் ஒலிக்கவில்லை. கப்பல் ஓடியது, ஐயா, ஓடியது!

கரையில் அந்த ராஜகுமாரன் நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த விலங்கும் அவரைப் பிடித்துவைக்க முடியவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவே. மணிக்கட்டில் இரும்பு அறுத்த தழும்பு இருந்தது. ஒட்டுப்போட்ட பாயைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

எல்லாரும் குதித்து இறங்கினார்கள். கடைசியில், பூதனைத் தோளில் சுமந்துகொண்டு கீரன் இறங்கினான். அவன் காலடிச் சத்தம் கேட்டு ஊரே திரும்பிப் பார்த்தது. ராஜகுமாரன் அவன் முன்னால் மண்டியிட்டு, கணுக்காலில் கை வைத்தார்.

"இதை நான் ஏற்கெனவே கழட்டிட்டேனே, கீரா?"

 கீரனின் கண்ணீர் அவர் தலைமேல் விழுந்தது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு கல்லை எடுத்து, தம் கையாலேயே அந்த விலங்கை உடைத்து, மறுபடியும் அவனை விடுவித்தார்.

கேட்ட நீங்களும் சொன்ன நானும் ஒரு தடவை குனிந்து அவரவர் கணுக்காலைப் பார்த்துவிட்டு எழுவோம்: கிறிஸ்து நமக்குத் தந்த விடுதலை அவனவன் ஆசைக்கு அவனவனே விலங்கு பூட்டிக்கொள்வதற்கல்ல, தூய ஆவியின் காற்றுக்கு எல்லாரும் சேர்ந்து பாய் விரித்து, அன்பினால் ஒருவரையொருவர் சுமந்து கரைசேர்வதற்கே.