இருபது நொடியும் முப்பத்தாறு நொடியும்

“அங்கே இருபது நொடி, இங்கே முப்பத்தாறு நொடி. ரெண்டுல யாரு பொய் சொல்லுதீங்க?”

போன துறைமுகத்து லேப் கொடுத்த சீட்டை நீட்டி, மூன்றாவது தடவையாக இதையே சொன்னார் சூசைநாதன். கப்பல் சமையல்காரர். இதயத்தில் செயற்கை வால்வு. அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ரத்தம் சீக்கிரம் உறையாதபடி தினமும் மாத்திரை. மறுநாள் கப்பல் ஏற வேண்டியவர்.

லேபுக்குள் கம்ப்யூட்டர் எட்டிப்பார்க்காத காலம் அது. வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து, ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று கண்ணாலேயே பிடிப்பார்கள். மெகருன்னிசாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா டீச்சர். இன்றைக்கும் நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன் வாடை அடித்தால் போதும், மெகருவுக்கு அந்த லேப்தான் கண்ணில் நிற்கும்.

ஒரு நொடி பிசகாத கை அவளுக்கு. அந்தத் திமிரும் உண்டு.

“மூணு தடவை பார்த்தாச்சு. அந்த ஊர்க்காரன் தூங்கியிருப்பான். இருபதிலிருந்து முப்பத்தாறுக்கு ஏறிடுச்சு, ரத்தம் உறைய ரொம்ப நேரமாகுதுன்னு டாக்டரே மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லிட்டார்.”

“பாதியாக்கி, நடுக்கடல்ல வால்வு அடைச்சா? நீங்க நீந்தி வருவீங்களா?”

மெகருவுக்குச் சுருக்கென்றது. “டீச்சர், நொடி எல்லா ஊரிலும் நொடிதானே?”

டீச்சர் ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தார். ரத்தத்தை உறையவைத்துப் பார்க்க அப்போது மூளைத் தூள்தான். ஒன்று, லேபிலேயே அசிட்டோன் விட்டு அரைத்த மனித மூளை. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு, முயல் மூளை. சூசைநாதனின் ஒரே ரத்தத்தை இரண்டு குழாய்களுக்கும் பங்கிட்டார்.

“சாய்.”

முயல் மூளையில் இருபது. மனித மூளையில் முப்பத்தாறு.

மெகரு நம்பாமல் மறுபடி செய்தாள். அதே கதை.

“இதில் எது சரி, டீச்சர்?”

“ரத்தம் மாறிச்சா?”

“இல்லை.”

“அப்புறம் மாத்திரையை ஏன் மாத்தணும்? டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“சீட்டில் என்ன எழுத?”

“நொடியை எழுது. யாரோட மூளைன்னும் எழுது.”

சூசைநாதன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்த துறைமுகத்துல மாட்டு மூளையா இருந்தா? எல்லா ஊருலயும் செல்லுற மாதிரி ஒரே நம்பரா எழுதித் தாங்கம்மா.”

மெகரு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், அப்படி ஒரு நம்பர் எங்காவது இருந்துவிடாதா என்பதுபோல, புட்டியின் லேபிளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஒரே ஒரு நம்பர், தாயீ.”