வேனுக்குப் பின்னால் நடந்த அம்மாள்

ஏழூர்மலை அடிவாரத்து மடத்தில் குருவாக இருந்த மங்கையர்க்கரசி அம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மடத்துக்கு வந்ததும் மந்திரம் கேட்டார். அம்மாள் வேன் சாவியைக் கொடுத்தார்.

மலைமேல் ஊர்களுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோகும் வேன் அது. அதுவரை அம்மாளே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஓட்டத்தானே வந்தேன்னு நினைச்சுட்டீங்களா அம்மா?"

"ஓட்டத் தெரிஞ்சவர் வந்திருக்கார்னு நினைச்சேன் அண்ணே."

தணிகாசலம் ஓட்டினார். கொண்டையூசி வளைவுகளில் வண்டி முக்கும் சத்தத்தை வைத்தே கியர் மாற்றுவார். அவர் கை பட்ட பிறகு அரிசி மூட்டை ஒன்றுகூட சரிந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமைதான்.

ஒருநாள் மூன்றாவது வளைவில் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தார். விறகுச் சுமையோடு ஏறி வந்த ஒரு பெண் கரும்புகைக்குள் நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். தன் முகத்தை மூட அவளுக்கு இன்னொரு கை இல்லை.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மா, நல்ல காரியத்துக்குத்தான் போறேன். ஆனா என் பின்னால வர்றவங்க மூச்சுத் திணறுறாங்க. இதுக்கு என்ன பரிகாரம்?"

அம்மாள் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். தணிகாசலமும் போனார். அன்னதானத்துக்கு வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய், கறுத்துப்போய் டின் டின்னாக மூலையில் நின்றது.

"இதை எங்க கொட்டறதுன்னு தெரியாம வச்சிருக்கேன். இதைப் பக்குவம் பண்ணினா டீசலுக்குப் பதிலா ஊத்தலாமாம். புகை குறையுமாம்."

"எப்படிப் பக்குவம் பண்றது?"

"எனக்குத் தெரியாது அண்ணே."

குரு ஒன்றைத் தெரியாது என்று சொல்லித் தணிகாசலம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏனோ அது அவருக்கு உற்சாகமாக இருந்தது. மறுநாளே பஸ் ஏறி நகரத்துக் கல்லூரிக்குப் போனார். வேதியியல் பேராசிரியர் ஒருவர் அவரை மாணவர்களோடு மாணவராக உட்காரவைத்து, பயோடீசல் செய்யும் முறையை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெயை வடிகட்ட வேண்டும். சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைக் கலந்து தெளியவிட வேண்டும். கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதைக் கழுவி உலர்த்தினால் வண்டிக்கு ஊற்றலாம்.

மடத்தின் பின்கட்டில் கொட்டகை போட்டு வேலையைத் தொடங்கினார். எண்ணெயில் ஈரம் மிச்சமிருந்தது போலிருக்கிறது. முதல் தடவை அண்டா முழுக்கக் கூழாக இறுகிவிட்டது. தணிகாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் வந்து பார்த்தார். ஒரு குச்சியால் கொஞ்சம் எடுத்து, கரி பிடித்த சட்டியில் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார். சட்டி பளிச்சென்று வந்தது.

"சோப்பு நல்லா வந்திருக்கு," என்றார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவையும் சோப்புதான் வந்தது. மடத்துப் பாத்திரங்கள் எல்லாம் மின்னின.

அதற்கடுத்த தடவை, விடிந்ததும் கொட்டகைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தெளியவிட்டிருந்த பெரிய கண்ணாடி ஜாடியின் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு படிவு. அதற்குமேல் தேன் நிறத்தில், ஜாடிக்கு அந்தப்பக்கம் இருந்த செம்பருத்திச் செடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக, எண்ணெய்.

கழுவி உலர்த்தி முடிப்பதற்குள் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேனின் டாங்கில் இருந்த டீசல் தீரும்வரை காத்திருந்து, புதிய எண்ணெயை நிரப்பி, மிச்சத்தை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு அம்மாளிடம் ஓடினார். அறுபது வயதுக்கு அது ஓட்டம்தான்.

"பாருங்கம்மா. சுத்தமான எண்ணெய். இது சுத்தம்தானே?"

அம்மாள் சீசாவை வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வண்டியை எடுங்க."

தணிகாசலம் முன்கதவைத் திறந்து பிடித்தார். அம்மாள் அதைத் தாண்டி நடந்து வேனுக்குப் பின்னால் போய் நின்றார்.

"அம்மா, அங்க ஏன் நிக்கறீங்க?"

"மேல்பட்டு ஊர் வரைக்கும் நடந்து வர்றேன். மெதுவா ஓட்டுங்க."

"ஏத்தமாச்சே அம்மா. புகை முழுக்க உங்க மேலதான் வரும்."

"தெரியும். எடுங்க."

வேன் ஒரே சாவியில் கிளம்பியது. தணிகாசலம் முதல் கியரில், நடை வேகத்தில் ஏறினார். பாதையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார். அம்மாள் முகத்தை மூடவில்லை, ஒதுங்கவுமில்லை.

முதல் வளைவில் விறகுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேன் சத்தம் கேட்டால் அங்கே ஒதுங்கி, புகை அடங்கிய பிறகு எழுந்து நடப்பது அவர்கள் வழக்கம். அம்மாள் பின்னால் நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள்.

"என்னம்மா, வண்டி இருக்க நடந்து வர்றீங்க?" என்று கேட்டாள் செவந்தி. அன்று கண்ணாடியில் தெரிந்த பெண் அவள்தான்.

"புகை எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன். நீயும் வா."

செவந்தி குழந்தையோடு சேர்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வீட்டுல பஜ்ஜி போடறாங்க?"

"வண்டிதான் போடுது," என்றார் அம்மாள்.

பெண்கள் சிரித்த சத்தம் முன்னால்வரை கேட்டது. தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே ஏறினார்.

மூன்றாவது வளைவில் வண்டி இருமியது. வேகம் குறைந்தது. குலுங்கி நின்றுவிட்டது.

தணிகாசலம் இறங்கினார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தார் மாதிரிக் கறுப்பு.

"பலகார எண்ணெய் வண்டியைக் கெடுத்துடுச்சா?" என்று கேட்டாள் செவந்தி.

"அப்படித்தான் போலிருக்கு," என்றார் தணிகாசலம்.

அவசரத்துக்கு ஒரு கேன் டீசல் வண்டியில் இருந்தது. அதை எடுக்கக் கை போனது.

கை பாதியில் நின்றது. அவர் மறுபடி அந்தக் கறுப்பைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். வடை வாசம் இல்லை. பழைய டீசல் வாசம்.

"இல்ல செவந்தி," என்றார் மெதுவாக. "இது பழைய டீசலோட கசடு. டாங்குல வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்தது. புது எண்ணெய் அதைச் சுரண்டி எடுத்துட்டு வருது. காலேஜ்ல சொன்னாங்க. சந்தோஷத்துல மறந்துட்டேன்."

இருக்கைக்கு அடியிலிருந்து புது ஃபில்டர் எடுத்து மாட்டி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். சாவியைத் திருப்பினார். இரண்டு முறை முனகிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. பெண்களில் ஒருத்தி குலவை போட்டாள்.

மேல்பட்டுக்கு வேன் வந்து சேர்ந்தபோது பின்னால் ஒரு சிறு ஊர்வலமே இருந்தது. தணிகாசலம் குதித்து இறங்கி அம்மாளிடம் ஓடினார்.

"அம்மா, புகை இல்லைதானே?"

"இருந்தது."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"முன்னைவிட ரொம்பக் குறைச்சல். கண் எரியல. தொண்டைதான் கொஞ்சம் கரகரன்னு இருக்கு."

செவந்தி இடுப்புக் குழந்தையைக் காட்டினாள். அது தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தின்மேல் துணி இல்லை.

"மூடவே இல்லைங்க," என்றாள்.

தணிகாசலம் குழந்தையைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஒரு சொல் வேண்டியிருந்தது.

"அப்போ, இது சுத்தம்னு நான் சொல்லிக்கலாமா அம்மா?"

அம்மாள் கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க அண்ணே. அடுத்த ஊர் தொட்டிமடுவுக்கு இன்னும் ஏத்தம் இருக்கு. நான் ஓட்டறேன். நீங்க பின்னால நடந்து வந்து, அங்க சொல்லுங்க."