எண்ணெய்த் துணி

வசுமதியின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மரத்துக்கு எண்ணெய் பூசிய துணியை யாரும் கசக்கிப் போடக் கூடாது. பின்பக்கக் கொடியில் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் போட வேண்டும். காய்ந்து விறைத்த பிறகுதான் அது குப்பைக்குப் போகும்.

ஏன் என்று அவள் சொன்னதில்லை. அவளிடம் தொழில் பழக வந்த சென்னியப்பனும் கேட்டதில்லை. குப்பைக்குப் போகிற கந்தலுக்குக்கூடச் சுத்தம் பார்க்கிற அம்மிணி என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டதோடு சரி.

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வசுமதி அவரைவிட ரொம்பச் சின்னவள். இருந்தாலும் பட்டறைக்குள் அவள்தான் குரு. அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் அவர்கள் செய்வதை ஆவிப்பெட்டி என்பார்கள். கையால் இழைத்த மரப்பெட்டி. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிக் கரண்டில் காய்கிற கம்பி. காய்ந்த நொச்சி இலையைக் குழாயில் போட்டு சுவிட்சைத் தட்டினால் இலை எரியாது, வாசம் மட்டும் ஆவியாக வரும். மூக்கடைத்தவர்கள் இழுத்துக்கொள்வார்கள்.

அன்று மத்தியானம் சென்னியப்பனின் சோற்றுப் போசி திறக்காமலே கிடந்தது.

"என்னங்கண்ணா, சாப்பிடலையா?"

"இறங்க மாட்டேங்குதுங்க அம்மிணி."

"ஏனுங்க?"

"பயமுங்க."

அவர் தனியாகச் செய்த முதல் பெட்டி அது. மகள் சுகந்தி வீட்டுக்கென்று செய்தார். விடியும்போது கடைசிப் பூச்சுப் பூசி, மரப்பலகைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வந்து வண்டியில் எடுத்துப் போனார்.

"எங்க வெச்சிருக்காங்க?"

"பாப்பா தூங்கற தொட்டிலுக்குக் கீழயாமுங்க. மாப்பிள்ளை சாயந்தரம் வந்துதான் பிரிப்பாராம். மரமுங்க அம்மிணி. மரத்துக்குள்ள நெருப்பாக் காயற கம்பி. கண்ணை மூடுனா வீடு எரியற மாதிரியே தெரியுது."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம? முறுக்குன ஒயரை அவுத்து மறுக்கா முறுக்குனேன். எர்த்து பாத்தேன். சூடு ஏறுனா தானா அணையுதான்னு பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். முதல் ஆவியை நானே இழுத்தேன். ஒரு குத்தம் இல்லை. ஆனா பயம் மட்டும் போவேனாங்குது."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? இந்த வயசுல மாமாவுக்கு எதுக்கு இந்த வேலைன்னு மாப்பிள்ளை ஏற்கனவே சிரிக்கறாரு. சுகந்தி கேட்டா. ஒண்ணும் பயமில்ல கண்ணுன்னு சொல்லிட்டேன்."

பிறகு அவர் கையைக் கூப்பினார். "இந்தப் பயத்தை எடுத்து உடுங்க அம்மிணி. என்ன சொன்னாலும் செய்யறேன்."

 வசுமதி எழுந்து போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கூட்டறப்ப உங்க மேசைக்கு அடியில கிடந்துச்சு. கொஞ்ச நேரம் பிடிச்சுட்டு இருங்க."

அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒரு பலகையை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"டப்பா சுடுதுங்களே. வெயில்ல வெச்சிருந்தீங்களா?"

"இல்லையே."

அவர் டப்பாவை மறு கைக்கு மாற்றினார்.

"உள்ளே என்னங்க, நெருப்புக் கங்குங்களா?"

"தொறந்து பாருங்க."

உள்ளே ஒரு துணி உருண்டை. மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயில் ஊறிப் பழுத்த நிறத்தில் இருந்தது. சென்னியப்பன் மடிப்புக்குள் விரலை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"இது எந்துணியாச்சே! காத்தால பூசிட்டுப் போட்டது. யாரு சூடு பண்ணுனது?"

"யாரும் பண்ணல. இந்த எண்ணெய் காயறப்ப தானாச் சூடாகும். விரிச்சுப் போட்டா காத்து அந்தச் சூட்டைக் கொண்டு போயிரும். சுருட்டி வெச்சா உள்ளயே சேரும். சேந்துட்டே இருக்கும்."

"சேந்தா?"

"புகையும். அப்புறம் பத்திக்கும். கரண்டே வேண்டாம்."

சென்னியப்பன் டப்பாவைக் கீழே வைத்தார். வைத்த கையை அப்படியே தரையில் ஊன்றிக்கொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. அதைப் பார்த்து வசுமதியின் கை உப்புத்தாளோடு நின்றது.

"மத்த துணியெல்லாம் கொடியில போட்டீங்கல்ல?"

அவர் டப்பாவையே வெறித்தார்.

"அண்ணா. மத்த துணி எங்கீங்க?"

"கண்ணாடிக் குழாய் உடஞ்சிரக் கூடாதுன்னு... கட்டறப்ப அந்தத் துணியையே சுத்தியும் அடைச்சு வெச்சுட்டனுங்க."

"மரம் இழைச்ச சுருளும் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"மூடி?"

"ஆணி அடிச்சுட்டேன்."

 வசுமதி அவருடைய போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். 

மகள் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சுகந்தி எடுத்தாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா. பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா."

 சென்னியப்பனுக்கு மாப்பிள்ளையின் சிரிப்பு கண்முன் வந்து நின்றது. 'ஒரு பெட்டியைக் கட்டிக் குடுக்கத் தெரியலையா மாமா?'

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மாதான். சாப்பிட்டியா?"

அட மனுஷா! தொட்டிலுக்குக் கீழே நெருப்பை வைத்துவிட்டுச் சாப்பிட்டியா என்று கேட்கிறாரே!

வசுமதி போனைப் பிடுங்கவில்லை. அவர் எதிரில் வந்து உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்தாள்.

"உள்ளயே சுருட்டி வெக்காதீங்கண்ணா," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணு, அப்பன் தப்புப் பண்ணிட்டேன். முதல்ல பாப்பாவைத் தூக்கு. தூக்கிட்டு வெளியில ஓடு. அந்தப் பெட்டி பத்திக்கும்."

"பிளக்கே மாட்டலியேப்பா."

"மாட்ட வேண்டாம், தானாப் பத்தும்! எண்ணெய்த் துணியை உள்ள வெச்சு ஆணி அடிச்சுட்டேன். எம்மேலதான் தப்பு. பாப்பாவைத் தூக்கு சாமி!"

தொட்டில் கொக்கி கிறீச்சிட்டது கேட்டது. குழந்தை வீறிட்டது. ஓட்டம். கதவு. யாரையோ கூப்பிடுகிற சத்தம். பிறகு போனில் ஒன்றுமே கேட்கவில்லை. சென்னியப்பன் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குலசாமி பேரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். 

"அப்பா..."

"சொல்லு கண்ணு."

"இடுக்குல புகை வந்துட்டு இருந்துச்சுப்பா. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலுக்கு இழுத்துட்டு வந்து மூடியைப் பேத்தாரு. பேத்ததும் குப்புன்னு எரிஞ்சுது. இப்ப தண்ணி ஊத்திட்டு இருக்காங்க."

"பாப்பா?"

"எந்தோள்லதான் இருக்கா. அழுதுட்டு இருக்கா."

குழந்தை அழுகிற சத்தம் போனில் நன்றாகவே கேட்டது. சென்னியப்பன் அதைக் கேட்டுக்கொண்டே தானும் அழுதார். 

பிறகு வசுமதி சொன்னாள்: "துணியை விரிக்கச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லாம உட்டது என் தப்புங்கண்ணா."

"நானும் கேக்கலைங்களே."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துணியைப் பிரித்து, சுருக்கம் ஒவ்வொன்றையும் நீவி, கொடியில் விரித்துப் போட்டார். அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை என்ன சொன்னாரோ, இவர் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

"அம்மிணி, பயத்தை எடுத்து உடச் சொன்னேன். நீங்க எடுக்கவே இல்லை. இப்ப முன்னையவிட ஜாஸ்தியா இருக்குது. இனி ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படித்தான் இருக்கும்போல."

வசுமதி கொடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"துணி இன்னும் சுடுதான்னு பாருங்க."

அவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"இல்லைங்க. விரிச்சுப் போட்டதுல ஆறிருச்சு."

"எண்ணெய் போயிருச்சா?"

"எண்ணெய் எங்கீங்க போகுது? அது அப்படியேதான் இருக்குது."

வசுமதி சோற்றுப் போசியைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்கல்ல. இனி இறங்கும், சாப்பிடுங்கண்ணா."