பாதி செதுக்கிய வரி

கொம்பையா ஊர்த்தலைவர். வயது அறுபது. அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பதுதான் இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் இருந்தாள். அவள் சொன்னால் ஊரின் இரண்டு தெருவும் கேட்கும்.

அன்று கொம்பையா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார்.

“தை பிறந்தால் தலைவர் தேர்வு, தாயே. இதை நீங்கள்தான் ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே கை தூக்கலாம்.”

“இதுவரை எல்லோரும்தானே தூக்கினார்கள்?”

“அப்போது சூளைத் தெருவில் பன்னிரண்டு வீடு. எங்கிருந்தோ செங்கல் அறுக்க வந்தவர்கள். இப்போது எங்கள் தெருவைவிட அதிகம். எங்கள் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடுகிறது.”

“தொட்டிலில் கிடப்பதும் இந்த ஊரில் பிறந்ததுதானே, தலைவரே?”

கொம்பையா கொஞ்சம் யோசித்தார்.

“அப்படியென்றால், தகப்பன் பிறந்திருக்க வேண்டும் என்று எழுதிவிடலாம்.”

அம்மை சிரித்தாள். “அவர்கள் கை ஓங்கினால் என்ன செய்துவிடுவார்கள்?”

அவர் தாளை மடித்தார். மறுபடியும் விரித்தார்.

“நாங்கள் அவர்களுக்குச் செய்ததை எங்களுக்குச் செய்வார்கள்.”

“நாளை உச்சிவேளைக்கு வாருங்கள். இந்த விதி உள்ள ஊர் ஒன்று இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம்” என்றாள் அம்மை.

மறுநாள் வறண்ட ஆற்றைக் கடந்து போனார்கள். ஊர் எல்லையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வீடுகள் இடியாமல் நின்றன. எல்லாக் கதவும் மூடியிருந்தது. கொம்பையா ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“உள்ளே ஆள் இருக்கிறார்களா, தாயே?”

“தாழ்ப்பாள் உள்ளேதான் போட்டிருக்கிறது.”

சாவடியில் ஒரு கல் நின்றது. இந்த ஊரில் பிறந்தவரே கை தூக்கலாம் என்று அதில் செதுக்கியிருந்தது. அதன் கீழே, தகப்பன் பிறந்திருக்க வேண்டும். அதன் கீழே, பாட்டன். பிறகு, கிணற்றுக்குக் கிழக்கே குடியிருப்பவர் மட்டும். இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கடைசி வரி ‘நானும் என்’ என்பதோடு நின்றிருந்தது. கல்லின் அடியில் உளி கிடந்தது. அதில் துருவே இல்லை.

கொம்பையாவின் குரல் இறங்கியது. “வந்தவர்களை எல்லாம் விலக்கிய பிறகும் ஏன் செதுக்கினார்கள்?”

“கை பழகிவிட்டது.”

“இது வேறு ஊர், தாயே. நாங்கள் இப்படி ஆக மாட்டோம்.”

“என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்கள் ஊர் யாருடையது என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.”

அவர் தெரு நடுவே போய் நின்றார். மார்பில் கை வைத்து, உரக்கக் கத்தினார்.

“எங்க ஊரு!”

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து, ஒவ்வொரு வீடாக, அது திரும்பி வந்தது.

“எங்க... ஊரு? எங்க... ஊரு?”

அவர் ஓடி வந்து அம்மையின் பக்கத்தில் நின்றார்.

“தாயே, தங்கள் ஊர் என்று சொல்கிறார்களா? இல்லை, ஊர் எங்கே என்று நம்மைக் கேட்கிறார்களா?”

“முதலில் கத்தியது நீங்கள்தானே, தலைவரே” என்றாள் வடிவம்மை. “நீங்கள் சொன்னீர்களா, கேட்டீர்களா?”